முதல் வரியில் யாருக்காக

சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாம் தளத்தில் உதவிநிரல்கள் எழுதும் குழு ஒன்று இருந்தது. இணையப் பக்கங்களைக் கட்டுவது மற்ற குழுக்களின் வேலை. அவர்களுக்குத் திரும்பத் திரும்பத் தேவைப்படும் சிறு நிரல்களை எழுதித் தருவது இந்தக் குழுவின் வேலை. ஒரு பொத்தானை இருமுறை அழுத்தினாலும் விண்ணப்பம் ஒருமுறை மட்டும் போகச் செய்வது போன்றவை. ஒருவர் எழுதிவைத்தால் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நன்றி சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

குழுவின் தலைவி மங்கையர்க்கரசி. அவள் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. ஒவ்வோர் உதவிநிரலுக்கும் ஒரு விளக்கப் பக்கம் உண்டு; அதன் முதல் வரியில் அந்த நிரல் யாருக்காக என்று எழுதியிருக்க வேண்டும். வரி உண்மையாக இருந்தால் கையெழுத்திடுவாள். அந்தப் பக்கங்களை யாரும் வாசிப்பதில்லை என்பது அவளுக்கும் தெரியும். சோதனைப் பிரிவின் அருளப்பன் மட்டும் விதிவிலக்கு. அவருக்குப் பார்வை இல்லை. திரையில் உள்ளதை அவருடைய கணினி மேலிருந்து ஒரு வரி விடாமல் உரக்கச் சொல்லும்.

மங்கையிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்தவள் செண்பகவல்லி. இருவரும் கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் வல்லி ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்திருந்தாள். கூடத்தில் தோழியை மரியாதையாக ‘மேடம்’ என்பாள். அறைக்கதவு சாத்தியதும் அதே சொல்லைக் கேலியாக இழுப்பாள்.

ஒப்பந்தம் அந்த வெள்ளிக்கிழமை முடிவதாக இருந்தது. அவள் எழுதிய உதவிநிரலைப் பத்துக் குழுக்களாவது பயன்படுத்தினால் வேலை நிரந்தரம் என்று மேலாளர் கிருபாகரன் சொல்லியிருந்தார். மங்கையின் கையெழுத்தும் வேண்டும்.

வியாழக்கிழமை மதியம் வல்லி தாளோடு வந்தாள்.

“பதினாலு குழு, மேடம். பேனா இருக்கா, நான் தரட்டுமா?”

அவள் எழுதியது, பக்கத்தின் மேல் திறக்கும் சிறு பெட்டிகளுக்கான நிரல். பெட்டி திறந்திருக்கும்வரை விசைப்பலகையில் எதை அழுத்தினாலும் அதற்குள்ளேயே சுற்றிவரும். எஸ்கேப் விசையை அழுத்தினால் பெட்டி மூடும். மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்கு அந்த விசைதான் கதவு.

விளம்பரங்கள் செய்யும் ஐந்து குழுக்கள் அந்தக் கதவை அடைக்கச் சொல்லிக் கேட்டிருந்தன. பெட்டியைச் சுலபமாக மூடிவிட்டால் விளம்பரத்தை யார் பார்ப்பார்கள் என்பது அவர்கள் நியாயம். வல்லி மறுக்கவில்லை. எஸ்கேப் விசையை அணைக்க ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தாள். அருளப்பன் அதுபற்றி மூன்று புகார்கள் அனுப்பினார். மூன்றின் மீதும் ‘பிறகு பார்க்கலாம்’ என்று குறித்துவைத்தாள்.

மங்கை பேனாவை எடுக்கவில்லை. வல்லியைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். வல்லியின் பெட்டி மேலே திறக்கும் ஒரு மருத்துவமனையின் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். மவுஸை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். திரையை அணைத்தாள். ஹெட்ஃபோனை வல்லியின் காதில் மாட்டினாள்.

“டாக்டரைப் பார்க்க ஒரு நேரம் வாங்கு” என்றாள்.

ஒவ்வொரு பொத்தானாக நகர, வல்லி டேப் விசையை அழுத்தினாள். காதில் ஒரு குரல் சொன்னது: நிபந்தனைகள். மறுபடி அழுத்தினாள்: ஏற்கிறேன். மறுபடி: நிபந்தனைகள். மறுபடி: ஏற்கிறேன்.

எஸ்கேப்பை அழுத்தினாள். குரல் ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு நிமிடங்கள் அவள் அந்த இரண்டு சொற்களுக்கிடையே போய்வந்தாள். மங்கை ஜன்னலோரம் நின்று சாலையில் போகும் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நிமிடம் வல்லி ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினாள். பெட்டி மூடியது.

“எதை ஏத்துக்கிட்டே?” என்று மங்கை கேட்டாள்.

“தெரியல. வெளிய வரணும்னு அழுத்தினேன்.”

மங்கை திரையைப் போட்டு, அருளப்பனின் மூன்றாவது புகாரைத் திறந்து காட்டினாள். அவரும் அதையே அழுத்தியிருந்தார். காப்பீடு விற்பவர்கள் அழைப்பதற்கான சம்மதம் அது. புகாரின் அடியில் அவர் இப்படி எழுதியிருந்தார்: மூன்று கம்பெனிகள் தினமும் என்னை நலம் விசாரிக்கின்றன, என் சொந்தக்காரர்கள் வெட்கப்பட வேண்டும்.

வல்லி சிரிக்கவில்லை. அதை அவள் முன்பே படித்திருந்தாள். முதல் தடவை சிரித்திருந்தாள்.

பிறகு அவள் நிறையப் பேசினாள். சுவிட்சை எடுத்தால் ஐந்து குழுக்களும் போய்விடும், மிஞ்சுவது ஒன்பது என்றாள். ஒன்பதுக்கு நிரந்தரம் கிடையாது. இன்னொரு நேர்காணலில், இத்தனை வருடம் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று மகன் வயதுள்ள ஒருவன் கேட்பதை இனிமேல் தாங்க முடியாது என்றாள். கதவை அடைக்கச் சொன்னவர்கள் நிம்மதியாகச் சம்பளம் வாங்கும்போது தான் மட்டும் எதற்கு வெளியே போக வேண்டும் என்றும் கேட்டாள். அவள் சொன்னதில் எதையும் மங்கை மறுக்கவில்லை.

“என் இடத்துல நீ இருந்தா என்ன பண்ணியிருப்பே?”

“கையெழுத்துப் போட எவளாவது கிடைப்பாளான்னு பார்த்திருப்பேன்.”

“நீ போடுவியா மாட்டியா, மங்கை? அதைச் சொல்லு.”

மங்கை விளக்கப் பக்கத்தைத் திறந்தாள். முதல் வரியில் ‘எல்லோருக்காகவும்’ என்று இருந்தது.

“போடுறேன். இதை மட்டும் மாத்து. கண் தெரியறவங்களுக்காகன்னு எழுது.”

வல்லி நிமிர்ந்து பார்த்தாள். தோழியின் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினாள். இல்லை.

“அவ்வளவுதானா?”

“என் விதி அவ்வளவுதான். வரி நிஜமா இருக்கணும். நிரல் நல்லா இருக்கணும்னு நான் எங்கேயும் எழுதிவைக்கல.”

“சுவிட்ச் இருக்கலாம்?”

“இருக்கட்டும். கிருபாகரனுக்குப் பதினாலு. உனக்கு நிரந்தரம்.”

வல்லி பழைய சொல்லை அழித்தாள். வரி காலியானது. விசைப்பலகையில் வைத்த விரல்கள் அங்கேயே நின்றன. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், மூன்று மேசை தள்ளி, அருளப்பன் காதுகளை மூடிய ஹெட்ஃபோனோடு எதற்கோ தலையசைத்துக்கொண்டிருந்தார்.

“யாருமே படிக்காத பக்கம்” என்றாள் வல்லி, தனக்குத்தானே சொல்வதுபோல. “இதை எழுதினா யாருக்குத் தெரியப்போகுது?”

மங்கை பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“அவர் ஒருத்தருக்குத்தான்” என்றாள். “அவரோட கம்ப்யூட்டர் உரக்கச் சொல்லும்.”