ராஜா கொஞ்சம்தான் சாப்பிட்டார்

உங்கள் கொள்ளுப்பாட்டனின் கொள்ளுப்பாட்டன் பிறப்பதற்கும் முன்னால், வெல்லக்கோட்டை என்றொரு ராஜ்ஜியத்தில் ஒரு குதிரை உட்கார்ந்துவிட்டது. அதற்காக ஒரு ராணியைக் குற்றவாளி ஆக்கினார்கள். சிரிக்காதீர்கள், அந்த ஊர் நியாயத்தைக் கேளுங்கள்.

வெல்லக்கோட்டை ராஜா வில்லவராயன் ஆண்டுதோறும், தான் பட்டமேறிய நாளில், பட்டத்துக் குதிரை மேல் ஏறிக் கோட்டையைச் சுற்றிவர வேண்டும். அது வழக்கம். அந்த ஆண்டும் ராஜா ஏறினார். குதிரை சற்று யோசித்தது. முன்னங்காலை மடித்தது, பின்னங்காலை மடித்தது, ஊரே பார்த்திருக்க மரியாதையாக உட்கார்ந்துகொண்டது.

ராஜாவைக் கேட்டார்களா? கேட்கவில்லை. ராஜாவுக்குப் பரிமாறிய கரண்டிகளைக் கேட்டார்களா? அதுவும் இல்லை. போன தை மாதம் மலைநாட்டிலிருந்து வாழ வந்த ராணி கானவல்லியைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார்கள்.

இவள் காலெடுத்து வைத்த பிறகுதான் என் பிள்ளை இப்படி ஊதிப்போனான் என்றார் ராஜாவின் அம்மா, பெரிய ராணி. இவள் ராசி அப்படி என்றார் ஜோசியர். இவள் கொண்டுவந்த மலைக்காற்று ராஜா உடம்பில் புகுந்துவிட்டது என்றார் வைத்தியர். கல்யாணத்துக்கு முந்தியே ராஜாவின் வெள்ளி அரைஞாணை மூன்று தடவை நீட்டியதை மூவரும் மறந்துபோனார்கள். வருகிற பௌர்ணமிக்குள் அவளைப் பிறந்தவீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. அப்படி அனுப்பப்பட்டவளை எந்த ஊரும் நல்ல பேரோடு வரவேற்காது.

உண்மையான கோபம் வேறு. வெல்லக்கோட்டையில் இலைமுன் உட்கார்ந்தவர்கள் "போதும்" என்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்த வீட்டு லட்சுமியையே போதுமென்று அனுப்பியதாக அர்த்தம். பரிமாறுகிறவர்களும் "நிறைய" என்று சொல்லமாட்டார்கள், கண்பட்டுவிடுமாம். எதைக் கொடுத்தாலும், எவ்வளவு கொடுத்தாலும், "கொஞ்சம்" என்றுதான் சொல்வார்கள். கானவல்லி வந்த அன்றைக்கே, பாயசம் மூன்றாம் சுற்று வந்தபோது, இலைமேல் கையை விரித்து "போதும் அத்தை" என்று சொல்லிவிட்டாள். பெரிய ராணி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அதை அவர் மறக்கவே இல்லை.

கானவல்லிக்கோ ராஜாவைப் பிடித்திருந்தது. ஒருநாள் அவர் தணிந்த குரலில் அவளிடம் சொல்லியிருந்தார்: "எனக்குப் பசிச்சே ரொம்ப வருஷமாச்சு." சாப்பாட்டு ராமன் சொல்கிற பேச்சா இது? மறுக்கத் தெரியாத மனுஷன் சொல்கிற பேச்சு.

ஆகவே அவள் அழவில்லை. சபையில் எழுந்து நின்று மூன்று பேரையும் கேட்டாள். இன்று காலை பிள்ளைக்கு எவ்வளவு பொங்கல் போட்டீர்கள் அத்தை? கொஞ்சம் என்றார் பெரிய ராணி. தோஷம் கழிய எவ்வளவு பிரசாதம் கொடுத்தீர்கள் ஜோசியரே? கொஞ்சம் என்றார் ஜோசியர். அதெல்லாம் செரிக்க எவ்வளவு நெய் லேகியம் கொடுத்தீர்கள் வைத்தியரே? கொஞ்சம் என்றார் வைத்தியர்.

"நல்லது. அப்போ நாளைக்கு ஒரு நாள் மட்டும் எனக்கும் கொஞ்சம் கொடுங்க" என்றாள் கானவல்லி. "ராஜாவுக்கு யார் எதைக் கொடுத்தாலும், அதே அளவு அவங்க கையாலேயே என் அண்டாவிலும் போடணும். சாயங்காலம் அண்டா நிறையலேன்னா தப்பு என் ராசி மேலதான். பல்லக்குகூட வேண்டாம், நடந்தே எங்க ஊருக்குப் போயிடறேன்."

சமையற்கட்டிலிருந்து அண்டா வந்தது. திருவிழாப் பந்திக்குக் குழம்பு வைக்கிற அண்டா. உள்ளே ஒரு கன்றுக்குட்டி தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். சபை சிரித்தது.

மூன்று பேரும் லேசுப்பட்டவர்களா? கூடிப் பேசிக்கொண்டார்கள். நாளைக்கு ஒரு நாள் கையைச் சுருக்கிக்கொள்வோம், பெண் தானாக ஊர் போய்ச் சேருவாள் என்று தீர்மானித்தார்கள்.

மறுநாள் காலை ராஜாவின் இலையில் ஒரே ஒரு கரண்டிப் பொங்கல் விழுந்தது. அண்டாவிலும் ஒரு கரண்டி. அவ்வளவு பெரிய அண்டாவில் அது குளத்தில் விழுந்த புளியங்கொட்டை மாதிரி தெரிந்தது. பக்கத்தில் கானவல்லி உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதையில் தனியாக நடந்து போகிற தன்னையே கண்ணெதிரே பார்த்தாள்.

அப்போது ராஜா பொங்கலைத் தின்று முடித்தார். இலையின் பச்சை தெரிந்தது.

வெல்லக்கோட்டைக்காரர்களால் எதையும் தாங்க முடியும், வெறும் இலையைத் தாங்க முடியாது. பெரிய ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தார். மறுபடி இலையைப் பார்த்தார். ஐயோ, என் பிள்ளை இலை காலியாகக் கிடக்கிறதே என்று மனம் பதறியது. கை தானாகக் கரண்டியை எடுத்தது.

"கொஞ்சம்தான் கண்ணா" என்றார்.

ஒரு கொஞ்சம் போட்டால் இன்னொரு கொஞ்சம் சும்மா இருக்குமா? பெரிய ராணி வடை வைத்ததைப் பார்த்த ஜோசியருக்குத் தன் பிரசாதச் சர்க்கரைப் பொங்கல் மட்டமாகிப்போனது பொறுக்கவில்லை. இரண்டையும் பார்த்த வைத்தியர், இது செரிக்காதே என்று லேகியத்தை உருட்டினார். லேகியம் கசக்குமே என்று பெரிய ராணி அதிரசம் நீட்டினார். அதிரசம் உடம்புக்குச் சூடாயிற்றே என்று ஜோசியர் பானகம் நீட்டினார். விக்கல் வந்தது. விக்கலுக்குத் தேன். ஒவ்வொன்றுக்கும் அண்டாவிலும் அதே அளவு விழுந்தது, அவரவர் கையாலேயே. மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்குப் பசி வந்துவிடும்.

நடுநடுவே ராஜா எழுந்து நிற்பார். உடனே பல்லக்கு வரும். படுக்கையிலிருந்து குளத்துக்கு, குளத்திலிருந்து பந்திக்கு, பந்தியிலிருந்து சபைக்கு. கொஞ்ச தூரம்தானே, ராஜா நடப்பதா என்பார்கள். அதையும் கானவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் சபை கூடியது. அண்டாவைத் தூக்கிவரப் பல்லக்குத் தூக்கிகளையே அனுப்பினாள் கானவல்லி. எட்டுப் பேரும் மூச்சிரைக்க வந்து இறக்கிவைத்தார்கள். விளிம்பு வரை நிறைந்து, மேலே ஒரு வடை ஆடிக்கொண்டிருந்தது.

தூக்கிகளில் மூத்தவன் தோளைத் தேய்த்துக்கொண்டே, "தப்பா நினைக்காதீங்க தாயே, இதுவும் ராஜா கனம்தான் இருக்கு" என்றான்.

வைத்தியர் தொண்டையைச் செருமினார். அரண்மனைச் சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதானே, மற்றவர்கள் ஏன் பருக்கவில்லை, ஆகவே மலைக்காற்றேதான் காரணம் என்று இழுத்தார்.

கானவல்லி காத்திருந்தது இதற்குத்தான். "இந்த எட்டுப் பேரைப் பாருங்க வைத்தியரே. அதே அடுப்புச் சோறு, அதே நெய். ஒருத்தருக்காவது தொப்பை இருக்கா? இவங்க தங்களுக்கு நடக்கிற நடையோட ராஜாவுக்கும் சேர்த்து நடக்கிறாங்க. ராஜா தனக்குச் சாப்பிடறதோட உங்க மூணு பேர் பாசத்துக்கும் சேர்த்துச் சாப்பிடறார். இதுல என் ராசி எங்கே வந்தது?"

ராஜா இறங்கிவந்து அண்டாவுக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தார். இதெல்லாம் ஒரே நாளில் தனக்குள் போனதா என்று கேட்டார். அப்புறம் சொன்னார், ராணி எங்கும் போகவேண்டாம், அவளை அனுப்பினால் தானும் கூடவே நடந்து போய்விடுவதாக. ராஜா நடக்கப்போகிறாரா என்று சபை அதிர்ந்துபோயிற்று. ஆனால் மறுநாளிலிருந்து அவர் நிஜமாகவே நடந்தார். முதலில் குளம் வரை, பிறகு கோட்டைவாசல் வரை, பிறகு கோட்டையைச் சுற்றி. வெகுகாலம் கழித்து அவருக்குப் பசித்தது. பசித்ததற்காக அவர் சந்தோஷப்பட்டதை ஊரே வேடிக்கை பார்த்தது.

அடுத்த பட்டமேறிய நாளில் ராஜா ஏறினார். குதிரை யோசித்தது. பிறகு நடந்தது.

ஆகவே பெரியோர்களே, பிள்ளைகளே, உடம்பு பெருப்பது வீட்டுக்கு வந்தவளின் ராசியால் அல்ல, தினமும் உண்ணும் பழக்கத்தாலும் நடக்காத வழக்கத்தாலும்தான்.

அன்று விருந்தில் பெரிய ராணி பாயசக் கரண்டியோடு மூன்றாம் சுற்று வந்தார். ஓரக்கண்ணால் மருமகளைப் பார்த்தார். கானவல்லி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கொஞ்சம்தான் கண்ணா" என்று பெரிய ராணி மெல்லச் சொன்னார்.

ராஜா இலைமேல் கையை விரித்தார்.

"போதும் அம்மா. கரண்டியை வச்சிட்டு நீங்களும் வாங்க, கோட்டையைச் சுத்தி நடந்துட்டு வரலாம். கொஞ்ச தூரம்தான்."