கடந்துபோன இழை

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடனுக்கு நாற்பத்தொன்று. சிரிக்க ஒன்றுமில்லை, அப்படித்தான்.

குரு பர்வீன், கணினி வைத்து உயிரியல் செய்யும் பேராசிரியை. சீடன் தணிகைவேல், பாலிடெக்னிக் வாத்தியார் வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவன். வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழ வேண்டும். விழாவிட்டால் விடுப்பும் முடிந்தது, வேலையும் போனது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு புரதம், அதன் நடுவில் ஒரு துளை. வோல்டேஜ் கொடுத்தால் துளை வழியே உப்புநீரில் மின்னோட்டம் ஓடும். நான்கு வகை வேதி எழுத்துகளால் கோத்த டி.என்.ஏ இழை அதற்குள் நுழைந்து போகும்போது ஒவ்வொரு எழுத்தும் அந்த ஓட்டத்தை ஒவ்வொரு அளவுக்கு மறிக்கும். அதைப் பார்த்து எழுத்தைப் படித்துவிடலாம். தன் துளை நான்கு எழுத்தையும் பிரித்துக் காட்டும் என்று தணிகைவேல் சொன்னான். அதைக் கணினிக்குள் அணு அணுவாக ஓட்டிக் காட்ட வேண்டும்.

இழை வாசலிலேயே நின்றது. வாரக்கணக்கில்.

“அண்ணே, இன்னிக்காவது நகர்ந்துச்சா?” பக்கத்து சீட்டு ஜெனிபா கேட்டாள்.

“முதல்ல நீ நகரு.”

நேராகக் குருவிடம் போனான்.

“மேடம், எப்பதான் போகும்?”

“போறப்ப போகும். பார்த்துக்கிட்டே இருங்க சார்.”

இதெல்லாம் ஒரு பதிலா? வோல்டேஜைப் பத்து மடங்கு ஏற்றினான். புரதம் பிய்ந்தது. அதன் அணுக்களை அசையாமல் கட்டிப்போட்டு மறுபடி ஓட்டினான். இழை சர்ரென்று போய்விட்டது.

கடைசி அத்தியாயத்தை எழுதி, அச்சடித்து, வியாழக்கிழமை அவர் மேசையில் வைத்தான்.

“போயிடுச்சு மேடம்!”

அவன் மடிக்கணினியில் ஓட்டிக் காட்ட, அவர் திரையைப் பார்த்தார்.

“துளை ஏன் ஆடவே இல்ல?”

“கட்டிப் போட்டிருக்கேன். இல்லன்னா பிஞ்சுடுது.”

“சரி. இந்தக் கோட்டுல எது எந்த எழுத்து?”

மின்னோட்டக் கோடு ஒரே ஒரு பள்ளமாக விழுந்து எழுந்திருந்தது. அவன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான்.

“அது தெரியல மேடம். வேகமாப் போயிடுச்சு. ஆனா முழுசாக் கடந்துடுச்சுல்ல? போட்டுக் குடுங்க மேடம். வேலை போச்சுன்னா வீட்டுக்குள்ளயே விட மாட்டாங்க.”

பர்வீன் ஆய்வேட்டை எடுத்தார். ஓரத்தில் கட்டைவிரலை வைத்துப் பக்கங்களைப் புரளவிட்டார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விர்ரென்று ஓடி முடிந்தது. பேனா மூடியைக் கழற்றினார்.

“படிச்சாச்சு. எங்க போடணும்?”

அவன் முகம் சிவந்துவிட்டது.

“விளையாடாதீங்க மேடம். இத்தனை வருஷம் உட்கார்ந்து எழுதினது. நீங்க ஒரு வரிகூடப் படிக்கல.”

பேனா காகிதத்தைத் தொட்டபடி நின்றது.

“ஏன் சார்? ஒரு பக்கம் விடாம எல்லாம் கடந்துடுச்சே.”

தணிகைவேல் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.