வேளைக்காரர் திரும்பி நடந்தது

"வேளைக்காரப் படைக்கு எத்தனை பலம் போடலாம் மாஸ்டர்?" என்று சம்பந்தம் கேட்டார்.

மாஸ்டர் ஸ்டெல்லாதான். எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள். ஆட்டம் தொடங்கப் போகிறது என்று அர்த்தம். விசிறி ஓடினால் அட்டைச் சிப்பாய்கள் பறந்துவிடும்.

தஞ்சாவூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருக்கிறது அந்த அறை. ஞாயிறு மதியம் அங்கே போர் நடக்கும். மேசைமேல் கோட்டையும் ஆறும் வரைந்த பெரிய தாள். ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்பதை வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். எதிரி, மழை, பசி, ஊர்ஜனம் எல்லாமே மாஸ்டர்தான். மாஸ்டர் ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பகடை உருட்டுவார். என்ன விழுந்தது என்று வேறு யாருக்கும் தெரியாது.

ஸ்டெல்லாவுக்கு இருபத்தாறு வயது. சம்பந்தத்துக்கு நாற்பது தாண்டிவிட்டது. மின்வாரியத்தில் வேலை. மூன்று வருஷமாக அவளிடம் கற்கிறார். வயசைப் பற்றி அந்த அறையில் யாரும் பேசியதில்லை.

அடுத்த வாரம் அவருக்கு ராமநாதபுரம் மாற்றல். அங்கே இப்படி ஒரு மேசை கிடையாது. வேண்டுமென்றால் அவர்தான் போட வேண்டும். இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சொந்தமாக மேசை போட நினைப்பவர் சரித்திரத்தில் இருந்த ஒரு படையைத் தானே உருவாக்கிக் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் அதை நடத்திக் காட்ட வேண்டும். மாஸ்டர் சரி என்றால் சரி. சம்பந்தத்துக்கு ஏற்கெனவே இரண்டு தடவை இல்லை என்று சொல்லியாகிவிட்டது. இன்னொரு ஞாயிறு அவருக்கு இல்லை.

அதனால் சோழர் காலத்து வேளைக்காரரைக் கொண்டுவந்திருந்தார். மன்னனின் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாக வைத்துச் சபதம் செய்தவர்கள். மன்னன் விழுந்தால் வீடு திரும்பமாட்டார்கள் என்று சொல்வார்கள். பன்னிரண்டு வீரர்களை அட்டையில் வெட்டி, சிவப்புத் தீட்டி, சோடா மூடிமேல் நிற்க வைத்திருந்தார். நன்றாகத்தான் இருந்தார்கள்.

ஸ்டெல்லா படையின் சீட்டை வாங்கிப் பார்த்தாள். வாள் எட்டு. கேடயம் ஏழு. வேகம் ஆறு. துணிவு பத்து.

"துணிவு பத்தா?"

"பத்துக்கு மேல நம்ம கணக்குல கிடையாதே மாஸ்டர்."

ரஹீமா சிரித்தாள். துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு அவள்தான் மன்னர். "என்னையக் காப்பாத்துற ஆளுங்கண்ணே. எனக்காக ஒரு பதினொண்ணு போடக்கூடாதா?"

ஸ்டெல்லா சம்பந்தத்தைப் பார்த்தாள். "இவங்க எதுக்குப் பயப்படுவாங்க?"

"எதுக்குமே பயப்பட மாட்டாங்க."

"பயமே இல்லாதவங்களுக்குப் பகடை எதுக்கு சார்?"

சம்பந்தம் தன் சீட்டை எட்டிப் பார்த்தார்.

"சரி. தோக்குற மாதிரி வந்தா, ஓடுறதா நிக்கிறதான்னு மத்த படையெல்லாம் துணிவுப் பகடை போடணும். இவங்க போட வேண்டாம். எப்பவுமே வேண்டாம்."

"ரொம்ப நன்றி மாஸ்டர்!"

அதை அவர் பரிசு என்று நினைத்துவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் கோட்டைக் கதவை உடைத்து உள்ளே கொடி நட வேண்டும். நட்டால் வெற்றி. மன்னர் ஆற்றங்கரை மேட்டில் நின்றார். கோட்டை மூன்று சாண் தள்ளி இருந்தது.

"வேளைக்காரர் கதவுக்குப் போறாங்க" என்றார் சம்பந்தம்.

"எல்லாருமா?" என்றாள் ரஹீமா. "அப்ப என் பக்கத்துல யாரு?"

"குதிரைக்காரங்க நாலு பேர் இருக்காங்கல்ல."

"அவங்க குதிரைக்குப் புல்லு போடுறவங்கண்ணே."

"இருக்கிறதுலயே பலமான படைம்மா. அதைச் சும்மா நிக்க வைக்கச் சொல்றியா?"

"மன்னர்கிட்ட இப்படித்தான் பேசுவீங்களா?"

"மன்னிக்கணும் மகாராஜா. சும்மா நிக்க வைக்க முடியாது மகாராஜா."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லாவும்தான்.

வேளைக்காரர் போனார்கள். வழியில் இருந்த வேலியை உடைத்தார்கள். எதிரில் வந்த முன்வரிசையைச் சிதறடித்தார்கள். சம்பந்தம் பகடையை உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதி உருட்டினார். விழுந்ததெல்லாம் நல்ல எண். ஒருத்தன்கூடச் சாகவில்லை. வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது, துடைக்கவில்லை. கதவு பிளந்தது.

"கதவு விழுந்துச்சு!" என்று மேசையைத் தட்டினார்.

அப்போதுதான் ஸ்டெல்லா ரஹீமாவைப் பார்த்தாள். "மகாராஜா, கோட்டையிலேர்ந்து தப்பிச்சு வந்த ஒரு சமையக்காரன் கரையோரமா ஓடி வர்றான். உங்களைப் பாத்துப் பயந்துட்டான். கையில இருந்த ஈட்டிய வீசுறான். பகடை போடுங்க. ஒண்ணு விழாம இருந்தா போதும்."

ரஹீமா அலட்சியமாக உருட்டினாள்.

ஒன்று.

ரஹீமா மன்னர் அட்டையை எடுத்துத் தாள்மேல் படுக்க வைத்தாள். "நான் செத்துட்டேண்ணே" என்றாள். சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

சம்பந்தம் மேட்டைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். உள்ளே கொடி நட ஒரு முறை போதும். பகடைகூடத் தேவையில்லை.

"வேளைக்காரர் என்ன செய்றாங்க?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"மன்னர் செத்தாலும் கொடி நட்டா வெற்றிதானே மாஸ்டர்?"

"வெற்றிதான். விதி அப்படித்தான் இருக்கு."

"அப்ப..."

"வேளைக்காரர் என்ன செய்றாங்க சார்?"

"மன்னர் செத்தா இவங்க என்ன செய்யணும்னு விதியில ஒண்ணும் இல்லையே."

"நான் விதியைக் கேக்கல."

சம்பந்தம் குனிந்து தன் பன்னிரண்டு பேரையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ராமநாதபுரம் பற்றி நினைத்தாரோ என்னவோ. கீழே கடையில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

பிறகு ஒவ்வொருவனாகத் திருப்பி வைத்தார். கதவுக்கு முதுகு. மேட்டுக்கு முகம்.

"திரும்பி நடக்கிறாங்க" என்றார்.

"ஓடுறாங்களா?"

"இல்ல. நடக்கிறாங்க."

"சுவர்மேல வில்லாளிங்க இருக்காங்க. முதுகைக் காட்டிக்கிட்டு நடக்கிறாங்க."

"தெரியும் மாஸ்டர்."

ஸ்டெல்லா தடுப்பை எடுத்துக் கீழே வைத்தாள். அந்த மேசையில் அவள் தடுப்பை எடுத்து யாரும் பார்த்ததில்லை. எல்லோர் கண்ணுக்கும் எதிரே பகடையை உருட்டினாள்.

மூன்று பேர் விழுந்தார்கள். சம்பந்தமே அவர்களைச் சாய்த்து வைத்தார். மிச்சப் பேரை ஒரு சாண் நகர்த்தினார்.

"கேடயத்தை முதுகுப் பக்கம் மாத்துறாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. கேடயம் மன்னருக்கு."

மறுபடி உருட்டினாள். நான்கு பேர் விழுந்தார்கள். இன்னொரு சாண்.

ரஹீமா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். செத்துப்போன மன்னருக்கு ஆட்டத்தில் வேலை இல்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். அவள் அசையவில்லை.

ஐந்து பேர் மேட்டுக்கு வந்தார்கள். சம்பந்தம் அவர்களை மன்னரைச் சுற்றி வட்டமாக வைத்தார். முகம் வெளியே பார்த்து. விரல் பட்டு ஒருவன் சாய்ந்தான். அவசரமாக நிமிர்த்தினார்.

"கேடயத்தை மன்னர்மேல கூரை மாதிரி பிடிச்சிருக்காங்க. அவ்வளவுதான் மாஸ்டர். இனிமே எங்கேயும் போகமாட்டாங்க."

ஸ்டெல்லா பகடையைக் கையில் எடுத்தாள். மூடிய கை மேசைக்கு மேலே நின்றது. அட்டையும் சோடா மூடியும்தான். ஆனால் அந்த ஐந்து பேரை நேராகப் பார்க்க ஒருத்தராலும் முடியவில்லை.

அவள் கையைத் திறந்து பகடையை உருட்டாமல் கீழே வைத்தாள்.

"பொழுது சாய்ஞ்சிடுச்சு" என்றாள். "ஆட்டம் முடிஞ்சுது."

விசிறியைப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"தோத்துட்டேன்" என்றார் சம்பந்தம்.

"ஆமா சார். தோத்துட்டீங்க."

"மன்னர்கிட்டேர்ந்து அவங்களைப் பிரிச்சதே நான்தான். பலமா இருக்காங்களேன்னு முன்னால அனுப்பிட்டேன்."

"ஆமா."

"அப்ப இந்தத் தடவையும் இல்லைதான்."

ஸ்டெல்லா கீழே வைத்திருந்த தடுப்பை எடுத்தாள். மடித்து அவர் முன்னால் வைத்தாள்.

"ராமநாதபுரத்துல காத்து ஜாஸ்தி" என்றாள். "சோடா மூடிக்குள்ள களிமண்ணு வச்சு நிறுத்துங்க."

சம்பந்தம் அதைத் தொடவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

"மாஸ்டர், நேராவே கேக்குறேன். மூணாவது தடவையும் அம்பு விட்டிருக்கணும். அதுதான் முறை. நீங்க விடல. மாற்றலாகிப் போற மனுசன், பாவம்னு விட்டுக்குடுத்தீங்களா? அப்படின்னா இது எனக்கு வேண்டாம்."

"விட்டுக்குடுக்கல சார்."

"பின்ன ஏன் உருட்டல?"

ஸ்டெல்லா தாளில் வரைந்திருந்த கோட்டைச் சுவரைப் பார்த்தாள்.

"அம்பை விடுங்கடான்னு சொன்னேன். சுவர்மேல ஒருத்தனும் வில்லை எடுக்கல."