கோலம் இல்லாத தெரு

நாயக்கர்கள் ஒருவரோடொருவர் மோதி, சீமையெங்கும் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம். தம்பியைக் களத்தில் பறிகொடுத்து வென்ற படைத்தலைவன் திம்மப்பன், காரையூருக்கு ஆள் அனுப்பினான்.

"நாளை வெற்றி ஊர்வலம் வருகிறேன். எந்த வாசலில் கோலம் இல்லையோ, அந்த வீட்டைக் கொளுத்துவேன்."

ஊர் நடுங்கியது. நெல் குத்திப் பிழைக்கும் பூவாயி மட்டும் பாசறைக்குப் போய்க் கும்பிட்டு நின்றாள்.

"கோலமாவு இடிக்க ஊருக்குள்ள ஒரு மணி அரிசி இல்லீங்க, சாமி."

வெற்றிக் களிப்பில் இருந்தவன், வீட்டுக்கொரு மரக்கால் அரிசி அளக்கச் சொன்னான்.

மறுநாள் முரசு முழங்க வந்தான். ஒரு வாசலிலும் கோலம் இல்லை. பூவாயியை இழுத்துவந்து நிறுத்தினார்கள்.

"அரிசி எங்கேடி?"

"பிள்ளைங்க வயித்துல இருக்குங்க."

"கோலம்?"

"எழவு விழுந்த வீட்டு வாசல்ல கோலம் போடுற வழக்கம் ஏதுங்க, சாமி? உங்க சண்டை எந்த வீட்டையும் விட்டுவைக்கலியே." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாகக் கேட்டாள். "உங்க தம்பியும் போயிட்டாராமே. உங்க வாசல்ல இன்னிக்குக் கோலம் போட்டிருக்காங்களா?"

திம்மப்பன் கையை உயர்த்தினான். முரசு நின்றது. குதிரையைவிட்டு இறங்கி, துக்கம் கேட்க வந்தவனைப் போல, செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தெருவை நடந்தே கடந்தான்.