காணாமல்போன சிரிப்பு

திருப்பூரில் ஒரு கேம் கம்பெனி. பழைய டிவி கேம் ஒன்றை போனுக்குக் கொண்டுவரும் வேலை அங்கே புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தாவுக்கு. கேமில் வரும் குட்டி வீரனின் உருவத்தில் இருந்த ஒவ்வொரு புள்ளியையும் சரியாக எட்டு மடங்கு பெரிதாக்கி வைத்தாள்.

முதலாளி வரதராசன் எல்லார் முன்னாலும் சீறினார். "இவன் சிரிச்ச முகம்மா. சின்ன வயசுல லீவு பூரா ஆடுனவன் நான். பெருசாக்குறேன்னு சிரிப்பத் தொலைச்சிட்ட. சாயங்காலத்துக்குள்ள அது வரலேன்னா நாளைக்கு நீ வராத."

சாயங்காலம் அவள் பழைய டிவியும் கேம் பெட்டியும் அந்த கேமின் கேசட்டும் கொண்டுவந்து மாட்டினாள். "ஒரு தடவ ஆடிக் காட்டுங்க சார்."

முதலாளி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆடினார். வீரன் குழி குழியாகத் தாண்டினான். அவன் முகத்தில் கண்ணுக்கு இரண்டு புள்ளி, அவ்வளவுதான். வாயே கிடையாது.

"சிரிப்பு எங்கம்மா?" குரல் இறங்கிவிட்டது.

ஜெசிந்தா போனை நீட்டினாள். ஆடும்போது எடுத்த படத்தில் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"நீங்க சொன்ன சிரிப்பு இதானே சார்?"