பாலம் வரும்போது

பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் கோலோச்சிய இருதயராஜுக்குப் புகார் அதிகாரி வேலை வந்தது. பேருந்தில் ஏற, இறங்க, பயணம் செய்ய மாற்றுத்திறனாளிகளுக்குக் குறை இருந்தால் அவரிடம்தான் மனு வரும். அவருக்குச் சட்டம் சொல்லித்தர வந்த வழக்கறிஞர் மெகருன்னிசா, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். சக்கர நாற்காலியில் வருபவர். சின்னப் பெண்ணிடம் போய்ப் பாடம் கேட்பதா என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்த மனிதர், இரண்டாம் வாரம் தானாகவே ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

ஒரு வருடம் ஓடியது. நீதிமன்ற உத்தரவுப்படி நகரத்துக்குத் தாழ்தளப் பேருந்துகள் வந்தன. சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்பலகையை இறக்காத ஓட்டுநர்களுக்கு மெமோ போனது. இனி மனு குறையும் என்று இருதயராஜ் நம்பியிருந்தார். ஆண்டறிக்கை போக வேண்டிய நாளில் எடுத்துப் பார்த்தால், போன வருடம் ஒன்பது மனு, இந்த வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு.

மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது? அற்பமாகப் பட்ட மனுக்களையெல்லாம் தள்ளுபடி செய்யத் தனியே அடுக்கி, அந்தக் கட்டோடு மெகருன்னிசாவிடம் போனார்.

"மேடம், சட்டம் முன்னால போகுதா, பின்னால போகுதா?"

தள்ளுபடிக் கட்டில் மேலே இருப்பதை எடுத்துப் படிக்கச் சொன்னார் மெகருன்னிசா. தள்ளுபடியான மனு அந்த அலுவலகத்தில் மறுபடி தூசி தட்டப்பட்டதாக வரலாறு கிடையாது.

வேலம்மாள் என்பவர் எழுதியது அது. பேருந்தில் சக்கர நாற்காலி நிற்கும் இடத்து ஜன்னலை ஜவுளிக்கடை விளம்பரம் ஒட்டி மூடியிருக்கிறார்கள். பாலம் வரும்போது ஆறு தெரியவில்லை. அதைக் கிழித்துவிட வேண்டும்.

"ஆறு தெரியலையாம். இடம் கொடுத்தா மடம் பிடுங்குற கதையால்ல இருக்கு" என்றார் இருதயராஜ்.

யாரிடம் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. மெகருன்னிசா கோபப்படவில்லை. போன வருடக் கட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்த ஒன்பதில் ஒரு மனுவில் அதே விலாசம் இருந்தது. எழுதியவர் வேலம்மாளின் அண்ணன். தங்கைக்கு நாற்பத்தொரு வயது. வீட்டை விட்டு வெளியே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவாவது கருணைகூர்ந்து ஒரு வழி செய்யவும். வீடு இருந்தது பாலத்துக்கு அடுத்த தெருவில்.

இருதயராஜ் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் அண்ணனின் கையெழுத்து. புதியதில் கோணல்மாணலாக அந்த அம்மாளே போட்ட பெயர். கருணை என்ற சொல்லைப் புதியதில் தேடிப் பார்த்தார், இல்லை.

"இதைப் போய்த் தள்ளப் பார்த்தேனே. நீங்க கேட்டதுமே புரிஞ்சுக்கிட்டீங்க மேடம்."

மெகருன்னிசா மனுவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் தினமும் அந்தப் பஸ்ஸுலதான் வர்றேன் சார். அதே இடத்துல, அந்த ஜவுளிக்கடைப் படத்துக்குப் பின்னாலதான் நாற்காலியை நிறுத்துறேன். ஆத்தைப் பார்க்கணும்னு கேட்கலாம்னு எனக்குத் தோணவே இல்லையே."