எந்த மாதத்துக்கு எந்தப் புத்தகம்

"எந்த மாசத்துக்கு எந்தப் புத்தகம்? அதை மட்டும் சொல்லிரும்மா. மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

ஏசுவடியான் சார் கேட்டது இவ்வளவுதான். கையில் நீள நோட்டு. அதில் பன்னிரண்டு கட்டங்கள். சித்திரை முதல் பங்குனி வரை சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. கட்டங்களுக்குள் மட்டும் ஒன்றுமில்லை.

சந்தனமாரி நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

"கோடு ரொம்ப நேரா இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவருக்கு அறுபத்தொரு வயது. முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர், கடைசிப் பதினோரு வருஷம் தலைமையாசிரியர். அவளுக்கு முப்பத்திரண்டு. எட்டாவது படித்துவிட்டு உப்பளத்தில் பாத்தி மிதித்து உப்பு வாரியவள். கேட்கிறவர் இவர், சொல்ல வேண்டியவள் அவள். ஊரில் பலருக்கு இது வேடிக்கையாக இருந்தது. சாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு போக்கிடம் இல்லை.

விஷயம் ஒரு தகரப் பெட்டி.

வெள்ளைத்திட்டு என்கிற அந்த உப்பளக் குடியிருப்புக்குப் பட்டணத்து நூலகத்தார் கொடுத்து வைத்த பெட்டி. உள்ளே நாற்பத்தொரு படப் புத்தகங்கள். சனிக்கிழமைதோறும் யாராவது ஒருவர் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். ஆளில்லை என்றால் பெட்டி திரும்பிப் போய்விடும். ஆறு வருஷமாகப் படித்துக் காட்டியவள் சந்தனமாரி. தை மாதம் அவளுக்கு வேறு ஊர் அங்கன்வாடியில் வேலை.

"நான் பாத்துக்கிடுதேன்" என்று முன்னால் வந்தவர் சார் ஒருவர்தான்.

ஏன் வந்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வராண்டாவில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் ஒரு பள்ளிக்கூடமே மூச்சை அடக்கும். அதில் அவருக்குப் பெருமைதான். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளைகூடத் தானாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. அது உறைத்த நாளிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

"தை பிறக்கதுக்கு இன்னும் நாள் கெடக்கு சார்" என்றாள் சந்தனமாரி. "சனிக்கிழமை சனிக்கிழமை வாங்க. பிள்ளைங்க உங்ககூட உக்காந்துட்டா பெட்டிச் சாவி உங்களுக்கு."

"உக்காரலைன்னா?"

"பெட்டி போயிரும்."

*

ஆவணி மாதம். வெயில் மண்டையைப் பிளந்தது.

பழைய உப்புக் கொட்டகையில்தான் வாசிப்பு. சந்தனமாரி வாசலில் நின்றாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் தலை குனிந்தபடி "வா", "வா" என்றாள். வேறு பேச்சில்லை. கடைசிப் பிள்ளை வந்ததும் பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை உருவினாள்.

மழைப் புத்தகம். பக்கம் பக்கமாகத் தூறல். பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு பார்த்தன.

சார் நோட்டில் எழுதினார்: ஆவணி – மழை.

அடுத்த சனிக்கிழமையும் ஆவணிதான், அதே வெயில்தான். அவள் ஆட்டுக்குட்டிப் புத்தகத்தை எடுத்தாள். சார் மழையை அடித்துவிட்டு ஆடு என்று எழுதினார்.

மூன்றாவது வாரம் போர்வைக்குள் தூங்கும் கரடிப் புத்தகம். படித்து முடிப்பதற்குள் நாலு பிள்ளைகள் நிஜமாகவே தூங்கிவிட்டன. சாருக்குப் பொறுக்கவில்லை.

"மூணு வாரத்துல மூணு புத்தகம். வெயில் மாறலையேம்மா?"

"வெயில் மாறல."

"பின்ன எதைப் பாத்து எடுக்கே?"

"கீழ பாத்து."

சார் கீழே பார்த்தார். சிமிண்டுத் தரை. இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. நோட்டில் எழுத அதில் ஒன்றுமில்லை.

*

ஐப்பசியில் மழை பிடித்தது. பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிறைந்து, அளத்தில் வேலை நின்றது.

சந்தனமாரி அங்கன்வாடிப் பயிற்சிக்குப் புறப்பட்டாள். ஆறு வாரம்.

"இனிமே நீங்க சார்" என்றாள். பெட்டியைப் பூட்டாமல் விட்டுப் போனாள்.

சார் செய்த முதல் காரியம், வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சொம்பும் வைத்ததுதான். ஊரெல்லாம் சேறு. நாற்பத்தொரு புத்தகம். கறை பட்டால் யார் பதில் சொல்வது?

"செருப்பு வெளிய. காலைக் கழுவிட்டு உள்ள வா."

பதினாலு பிள்ளைகள் வந்தன. பதினாலும் கழுவிவிட்டு வந்தன. வரிசையாகச் சுத்தமான கால்கள். சாருக்கு மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

வெளியே மழை, ஆகவே மழைப் புத்தகம். ஆவணியில் நாக்கை நீட்டிய அதே பிள்ளைகள் இப்போது குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"இந்த மழை எப்ப சார் நிக்கும்?" என்றான் ஒருவன்.

"புத்தகத்துலயா?"

"வெளிய. மழை நின்னாத்தான் எங்கம்மாவுக்கு வேலை."

சார் புத்தகத்தை மூடினார்.

வீட்டில் உட்கார்ந்து யோசித்தார். பிடிபட்டுவிட்டது! வெயிலுக்கு மழை, மழைக்கு வெயில். இதுதான் சூட்சுமம். அடுத்த வாரம் சூரியகாந்திப் புத்தகத்தோடு மிடுக்காகப் போனார். ஒரு பிள்ளை இரண்டு பக்கம் பார்த்தது. மற்றதெல்லாம் கொட்டாவி விட்டது. அன்றைக்கு ஒன்பது பேர்.

அதற்கடுத்த வாரம் ஏழு.

அப்புறம் பேச்சி வந்தாள். நாலரை வயது. சளப் சளப் என்று சத்தம் முன்னால் வந்தது, பின்னால் அவள் வந்தாள்.

"செருப்பைக் கழத்து. காலைக் கழுவு" என்றார் சார்.

பேச்சி செருப்பைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். அவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு திரும்பி, வந்த வழியே போய்விட்டாள். சளப், சளப், சளப்.

அன்று அவர் என்ன படித்தார் என்று அவருக்கே நினைவில்லை. காது முழுக்க அந்தச் சத்தம்தான்.

*

மார்கழி முதல் சனிக்கிழமை சந்தனமாரி திரும்பி வந்தாள். வாசிப்பு தொடங்கும் நாலு மணிக்கு இன்னும் நேரமிருந்தது. தூறிக்கொண்டிருந்தது.

சார் பொரிந்து தள்ளினார். மழைப் புத்தகம் ஓடவில்லை, வெயில் புத்தகம் ஓடவில்லை, பூ, பழம், பறவை எதுவும் ஓடவில்லை. போன வாரம் நாலே நாலு பிள்ளைகள். நோட்டில் அடித்து அடித்துத் தாளே கிழிந்துவிட்டது.

"பெட்டியைத் திருப்பி அனுப்பிரும்மா. எனக்கு வராது."

எனக்கு வராது என்று அவர் ஆயுளில் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"பேச்சி வந்தாளா சார்?"

"வந்தா. செருப்பைக் கழத்தச் சொன்னேன். அவ்வளவுதான். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா."

"என்ன செருப்பு?"

"செருப்புதான். கறுப்பு ரப்பர் செருப்பு."

"எவ்வளவு பெருசு?"

சார் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"என் அளவு இருக்கும்."

சந்தனமாரி எழுந்து போய் வாளியை எடுத்தாள். தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். வெறும் வாளியை வாசல் ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள்.

"உக்காருங்க சார்."

"இங்கயா? பிள்ளைங்க உள்ளல்ல இருக்கும்?"

"வரும்போது இந்த வழியாத்தான வரும்."

ஒரு தலைமையாசிரியர் வாளிமேல் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சை முட்டும். தலை தானாகக் குனியும். அவர் கண்ணுக்கு எதிரே வாசற்படி மட்டும் தெரிந்தது.

இரண்டு கால்கள் வந்தன. முட்டுவரை சேறு, கட்டைவிரலில் ஒரு கீறல். ஓடையில் நண்டு பிடித்த கால்.

"நண்டு கடிச்சிட்டோ?"

"ஆமா சார்! உங்களுக்கு யாரு சொன்னா?"

அடுத்த கால்கள் வெளுத்துப் போயிருந்தன. பாதத்தில் எண்ணெய் தேய்த்த மினுக்கம். நாலைந்து நாள் வெளியே இறங்காத கால்.

"காய்ச்சல் விட்டுட்டா?"

"நேத்துதான் விட்டுது சார்."

அதன்பின் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கு ஒரு காலில் மாட்டிக்கொண்டு நொண்டியடித்து வந்தார்கள்.

சார் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். வாளித் தண்ணீர் ஓடிய தடம் இன்னும் தெரிந்தது. இத்தனை வாரமும் கழுவிவிட்டது சேற்றை மட்டுமில்லை.

சளப். சளப்.

சத்தம் தூரத்திலேயே நின்றுவிட்டது.

"வா பிள்ளே" என்றார் சார்.

"கழத்தணுமா?"

"வேண்டாம்."

"கழுவணுமா?"

"வேண்டாம்."

சளப். சளப். வாசற்படிக்கு வந்து நின்றது. பெரிய செருப்புக்குள் பாதி தூரம்கூட எட்டாத சின்னக் கால். வார் நழுவாமல் இருக்கக் கட்டைவிரலை இறுக்கி வைத்திருந்தாள்.

"யாரு செருப்பு?"

"அப்பா செருப்பு."

"அப்பா எங்க?"

"கொச்சிக்குப் போயிட்டாவ. பஸ்ல. பூட்ஸு போட்டுட்டுப் போயிட்டாவ."

"எப்ப வருவாவ?"

"உப்பு வந்தா வருவாவ."

வெளியே தூறல் நிற்கிற வழியாக இல்லை. சார் வாளியிலிருந்து எழுந்தார். முழங்கால் மளுக்கென்றது. நோட்டு ஜன்னலோரம் கிடந்தது, அதன் பக்கம் அவர் போகவில்லை. பெட்டியை அடிவரை துழாவி ஒரு புத்தகத்தை எடுத்தார். அட்டையில் சிவப்பு பஸ்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் எதிரே உட்கார்ந்தன. பேச்சி ஓரமாக, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்தாள். செருப்பு இரண்டும் கூரையைப் பார்த்து நின்றன.

"ஊர்ல இருந்து பஸ் கெளம்பிச்சு" என்று முதல் பக்கத்தைத் திறந்தார்.

பேச்சி எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்த புத்தகத்தை மூடினாள்.

போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தார் சார்.

அவள் புத்தகத்தைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். பெரிய பட்டணம். பெரிய பஸ் ஸ்டாண்டு.

"இங்கேருந்து" என்றாள்.

புத்தகத்தை முன்னாலிருந்துதான் படிக்க வேண்டும். இதை எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பார்! வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. கண் அந்தச் செருப்பில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"பட்டணத்துல இருந்து பஸ் கெளம்பிச்சு."

பக்கத்தைப் பின்னால் புரட்டினார். சந்தை வந்தது. இன்னொரு பக்கம். பாலம் வந்தது.

"சார், சார், பஸ்ஸு பின்பக்கமா ஓடுது!" என்றான் நண்டு பிடித்தவன்.

"ஆமா சார்! ரிவர்ஸ்லயே வருது!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. காய்ச்சல் விட்ட பிள்ளைகூடச் சிரித்தது.

"ரிவர்ஸ்ல வந்தா என்னலே? வந்து சேருதுல்ல?" என்றார் சார்.

டிரைவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் நடித்துக் காட்டினார். ஹாரன் அடித்தார். பாலத்தில் மாடு குறுக்கே வந்தது, பிரேக் போட்டார். அவருக்குள் இப்படி ஒரு டிரைவர் இருந்தது அவருக்கே தெரியாது.

பேச்சி இன்னும் போகவில்லை. நின்றிருந்தவள் குத்தவைத்தாள். பிறகு மெதுவாக அவர் பக்கத்தில் நகர்ந்து, கையோடு ஒட்டி உட்கார்ந்து, தலையைச் சாய்த்தாள்.

பக்கம் புரட்ட வேண்டிய கை அது. சார் அதை அசைக்காமல் வைத்திருந்தார்.

"ம்" என்றாள் பேச்சி.

அவர் பக்கத்தைப் புரட்டினார்.

சந்தனமாரி ஜன்னலோரம் போனாள். இடுப்பில் செருகியிருந்த பெட்டிச் சாவியை எடுத்து அவர் நோட்டுப் பக்கத்தில் வைத்தாள். நீள நோட்டைத் திறந்து, கிழிந்த தாளைத் தடவிவிட்டு, பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"சார், மார்கழிக்கு என்ன புத்தகம்னு எழுதட்டும்?"

சார் தலையைத் தூக்கவே இல்லை.

"சும்மா இரும்மா. ஊருக்கு இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கு."